ஐவியின் பிரெஞ்சு இசைத்தட்டு

அத்தியாயம் 14

சனிக்கிழமை தபாலில் வந்த சதுரப் பொட்டலத்துக்குள் ஐவி இருந்தாள்.

அட்டைப் படத்தில்தான். கழுத்தளவுக்கு வெட்டிய முடி, கறுப்புக் கவுன், காதில் ஒன்றுமில்லை. படம் எடுத்தவரைப் பார்க்காமல் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடங்களுக்கு முன், கந்தப்பளைக்கு மேலே இருக்கிற தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு காணாமல் போன பெண். கொழும்பில் ஓர் ஓட்டலில் பாண்ட் குழுவோடு பாடுகிறாள் என்று ஒரு கடிதம் வந்தது. பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டாள் என்று இன்னொன்று. அதன்பிறகு இப்போதுதான் இந்த இசைத்தட்டு. அவளுடைய முதல் தட்டு. பன்னிரண்டு பாட்டு. பன்னிரண்டும் பிரெஞ்சு.

"ஒண்ணுகூடத் தமிழ்ல இல்லையா?" என்று அவள் அப்பா இராயப்பன் அன்றைக்கே மூன்று தடவை கேட்டுவிட்டார்.

"இல்லப்பா!" என்று மூன்று தடவையும் கத்தினான் மகன் சூசைரட்ணம்.

கத்தத்தான் வேண்டும். தேயிலை ஸ்டோரில், கொழுந்தை அரைக்கும் எந்திரங்களுக்கு நடுவே முப்பது வருடம் நின்றவர் இராயப்பன். அவர் காதுக்கு எட்ட வேண்டிய பேச்சு லயத்துக் கடைசிக் காம்பரா வரைக்கும் எட்டிவிடும். அவரும் அப்படித்தான் பேசுவார், எந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுபோல.

சாயங்காலம் கணக்கப்பிள்ளை வீட்டுக் கிராமபோனில் தட்டைப் போட்டுப் பார்த்தார்கள். அது பழைய பெட்டி, ஓடுகிற வேகம் வேறு. ஐவி எலிக்குஞ்சுபோலக் கீச்சிட்டாள். கூடி நின்ற சனம் சிரித்தது. "பிரெஞ்சுன்னா இப்பிடித்தான் இருக்குமோ?" என்றார் கணக்கப்பிள்ளை. ஐவியின் அம்மா பெற்றீசியா எழுந்து வந்து, யாரையும் கேட்காமல் ஊசியைத் தூக்கிவிட்டாள்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் மூன்று பேரும் நுவரெலியா பஸ் ஏறினார்கள். அங்கே கன்னியர் மடத்தில் மதர் கிளெமான்ஸ் இருக்கிறார். பிரெஞ்சுக்காரி. சூசைரட்ணத்துக்கு ஆர்மோனியம் பழக்கியவரும் அவர்தான். மடத்தில் தட்டுப் போடுகிற நல்ல ரேடியோகிராமும் உண்டு.

பஸ்ஸில் எல்லாருக்கும் வேறு பேச்சு. தோட்டத்துச் சனத்தைப் பங்கு பிரிக்க இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். யாரை இந்தியாவுக்கு அனுப்புவார்கள், யாரை இங்கே வைத்துக்கொள்வார்கள், புருஷனுக்கு ஒரு தேசமும் பெண்சாதிக்கு ஒரு தேசமும் விழுந்தால் என்ன செய்வது என்று ஆளுக்கொரு கதை. யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

பெற்றீசியா துவாயில் சுற்றிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

"அவளுக்கு இங்கிலீசு தெரியுமே," என்றார் இராயப்பன், பஸ் முழுவதற்கும். "இங்கிலீசுலயாவது பாடியிருந்தா தம்பி சொல்லியிருப்பான். இப்ப நம்ம பிள்ள பேசுறத நமக்கு இன்னொருத்தர் சொல்லணும். இது என்ன கூத்து?"



மடத்து வரவேற்பறையில் மெழுகு போட்டுத் துடைத்த தரை வழுக்கியது. மூன்று பேரும் செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார்கள். மதர் கிளெமான்ஸுக்கு எழுபது வயது. இந்த மலைக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகியும் அவர் தமிழ் "முழங்கால் போடு", "சத்தம் போடாதே", "சாப்பிட்டாச்சா" என்ற மூன்றோடு நின்றுவிட்டது. அதனால் அவர் பிரெஞ்சைக் கேட்டு ஆங்கிலத்தில் சொல்வது, சூசைரட்ணம் அதைத் தமிழில் அப்பாவுக்குக் கத்துவது என்று ஏற்பாடு.

ஊசி தட்டைத் தொட்டது.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு ஐவி.

எலியில்லை. ஐவியேதான். கோயில் பாடல் குழுவில் முன்வரிசையில் நின்ற அதே குரல், கொஞ்சம் கனத்து, கொஞ்சம் அலுத்து. பெற்றீசியா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இராயப்பன் எழுந்துபோய் ரேடியோகிராமின் மரப்பெட்டியில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நின்றார். ஸ்டோரில் எந்திரம் சரியாக ஓடுகிறதா என்று அவர் பார்க்கிற விதம் அதுதான்.

"ஓடுது," என்றார்.

மதர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எழுத்தையெல்லாம் விழுங்கி விழுங்கிப் பாடுகிறாள் என்று குறைபட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். சூசைரட்ணம் முகம் சுருங்கியது.

"கடல் சிப்பி விக்கிற ஒருத்தரப் பத்தின பாட்டாம்பா!"

"என்னாது?"

"சிப்பி! சிப்பி விக்கிறவரு! மழையில சிப்பியெல்லாம் விக்காமப் போயிருச்சாம்!"

இராயப்பன் மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மதரைப் பார்த்தார். "அவளுக்கும் சிப்பிக்கும் என்ன?"

இரண்டாவது பாட்டு ஒரு பாலத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையைப் பற்றி. அதற்கும் அர்த்தம் கேட்டார். குடை என்றால் குடைதான் என்றான் மகன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தன் மகளைப் பற்றி எதையாவது தெரிந்துகொள்ளலாம் என்று வந்தவருக்குச் சிப்பியும் குடையும் கிடைத்திருந்தன.

மூன்றாவது பாட்டு தொடங்கி நான்கு சுரம் போனதும் சூசைரட்ணத்தின் கை நாற்காலியை இறுகப் பிடித்தது.

அது அவனுடைய மெட்டு.

ஆறு வருடங்களுக்கு முன் தோட்டத்து மாதா திருநாளுக்காக, பள்ளிக்கூடத்து உடைந்த ஆர்மோனியத்தில் அவன் கட்டிய மெட்டு. 'மலைமேல் நின்ற தாயே, மழைக்கு முன்னே வாராயோ' என்று ஐவிதான் முதலில் பாடினாள். இப்போது அதே ஏற்றம், அதே இறக்கம். அடியில் மாத்திரம் மத்தளத்துக்குப் பதில் ஏதோ தட்டுகிற சத்தம், பக்கத்தில் துருத்தி வைத்த ஒரு வாத்தியம்.

"மதர், இது யார் போட்ட இசை என்று அட்டையில் இருக்கிறதா?"

மதர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். "இலங்கைப் பழம்பாடல். இயற்றியவர் தெரியவில்லை."

"இயற்றியவர் நான்தான்."

மதர் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். "நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களே," என்றார், அட்டையில்தான் பிழை என்பதுபோல.

சந்தோஷப்பட வேண்டுமா, கோபப்பட வேண்டுமா என்று சூசைரட்ணத்துக்குத் தெரியவில்லை. தன் பாட்டு கடல் தாண்டிப் போயிருக்கிறது. தான் போகவில்லை. திருடினாளா? தூக்கிக்கொண்டு போனாளா? வீட்டை விட்டுப் போகிறவள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவதில்லையா? யோசிப்பதற்குள் பாட்டின் நடுவில் ஒரு சொல் வந்தது.

நானுஓயா.

பிரெஞ்சு வார்த்தைகளுக்கு நடுவில், தெளிவாக, மலைநாட்டு ரயில் நிலையத்தின் பெயர். மறுபடியும் ஒருமுறை. நானுஓயா.

பெற்றீசியாவின் தலைப்பு வாயிலிருந்து நழுவியது. அவளுக்கு அந்தத் தட்டு முழுவதிலும் புரிந்த ஒரே சொல் அதுதான். இராயப்பன் பெட்டியில் கை வைத்தபடி நின்றார். அவர் கைக்கு ஊர்ப் பெயர் எட்டவில்லை.

மதர் இந்த முறை நெடுநேரம் பேசினார். குரலும் தாழ்ந்திருந்தது. ஒரு பெண் விடிகாலையில் ரயில் நிலையத்தில் நிற்கிறாள். அவளுடைய தாய் தன் காதிலிருந்த தோட்டைக் கழற்றி அவள் கையில் வைத்து மூடுகிறாள். திரும்பிப் பார்க்காதே என்கிறாள். உன் தகப்பனிடம் எனக்கு ஒன்றும் தெரியாது என்றே சொல்வேன், கடைசி வரைக்கும் அப்படியே சொல்வேன் என்கிறாள். ரயில் வளைவில் திரும்புகிறபோது பெண் திரும்பிப் பார்த்துவிடுகிறாள்.

சூசைரட்ணம் அம்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு வருடமாக அந்த வீட்டில் ஒரே ஒரு கதைதான் உண்டு. ஐவி யாருக்கும் சொல்லாமல் ஓடிப்போனாள். அன்றைக்குக் காலை அம்மா கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். கூடையைத் தூக்கும்போது காதுத் தோடு ஆறாம் நம்பர் மலையில் எங்கோ விழுந்துவிட்டது, ஒன்றைத் தேடும்போது மற்றதும் போய்விட்டது. பிள்ளை போன அதே நாளில் தோடும் போனதே என்று சனமெல்லாம் பரிதாபப்பட்டது. இராயப்பன் இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டு, அட்டை கடித்து இரத்தம் வழிய, தேயிலைச் செடிகளுக்கடியில் தவழ்ந்து தவழ்ந்து தேடினார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் இராயப்பன்.

சூசைரட்ணம் வாயைத் திறந்தான். கத்திச் சொல்ல வேண்டிய விஷயம். சுவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி.

"அம்மா நெனப்பா இருக்காம்பா! அதத்தான் பாடுறா!"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்!"

மதர் கிளெமான்ஸ் அவனையே பார்த்தார். அவருக்குத் தெரிந்த மூன்று தமிழில் அவன் சொன்னது எதுவும் இல்லை. ஆனால் தன்னுடைய நீளமான பேச்சு இத்தனை குட்டையாகிவிட்டதை அவர் கவனித்தார்.  அடுத்த மூன்று பாட்டில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி சொல்லி முடித்தார். இரண்டாம் பக்கத்தைப் போட்டு, ஊசியை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார். கடைசிப் பாட்டில் முதல் அடி முடிவதற்குள் சட்டென்று தூக்கிவிட்டார்.

"இதை வியாழக்கிழமை சொல்கிறேன்," என்றார் சூசைரட்ணத்திடம் ஆங்கிலத்தில். "நீங்கள் மட்டும் வாருங்கள்."

"ஏன் மதர்?"

"நீங்கள் மட்டும்," என்றார் மறுபடியும். பிறகு பெற்றீசியாவின் தோளைத் தொட்டு, "சாப்பிட்டாச்சா?" என்றார்.

பஸ் நிலையத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. முட்டைக்கோவா மூட்டை ஏற்றுகிற லொறியை வேடிக்கை பார்த்தபடி இராயப்பன் ஓரத்தில் நின்றார். அவருக்கு ஒரு கை தூரத்தில், கம்பிக்குப் பக்கத்தில், அம்மாவும் மகனும். சாதாரணக் குரலில் பேசினாலே போதும், அவருக்குக் கேட்காது.

"தோடு தொலையலையாம்மா?"

"தொலையல."

"அப்பா ரெண்டு நாளு தேடினாரேம்மா."

"தேடினாரு. நானுந்தான் கூடத் தேடினேன்." பெற்றீசியாவின் குரலில் அழுகை இல்லை. களைப்பு இருந்தது. "இல்லாத சாமானத் தேடுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அவரு ஒவ்வொரு செடியாக் குனியுறாரு. நானும் குனியுறேன். நிப்பாட்டச் சொல்ல முடியல."

"ஏம்மா அனுப்புனீங்க?"

"புதுத் தொர வந்து சொன்னாருல்ல, லயத்துல இருக்கிற வயசு வந்ததெல்லாம் தோட்டத்து வேலைக்குப் பேர் குடுக்கணும், இல்லாட்டி வீட்டக் காலி பண்ணணும்னு. ஒங்கப்பா போயி அவ பேரப் பதிஞ்சிட்டு வந்துட்டாரு. திங்கக்கெழம காலையில எல்லாரோடயும் வேல பிரிக்கிற பெரட்டுல நிக்கணும். ஒன்னயப் படிக்க வச்சோம். வாத்தியாரா ஆக்கினோம். அவளுக்குக் கூடை."

சூசைரட்ணம் தலை குனிந்துகொண்டான்.

"நான் இருபத்தாறு வருசமாத் தூக்குற கூடைதான். அதுல கேவலமில்ல. ஆனா எனக்கும் ஒரு காலத்துல பாட்டு இருந்திச்சு தம்பி. ஒனக்குத் தெரியாது. பனியில நின்னு நின்னு இருமி இருமிப் போயிருச்சு. அவளுக்கும் அப்பிடிப் போறதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்." அவள் கணவனின் முதுகைப் பார்த்தாள். "பேர் பதியப் போற அன்னைக்கு, தேத்தண்ணி குடுக்கும்போது சொன்னேன். வேணாங்க, அவளை விட்டுருங்கன்னு. ரெண்டு தடவ. அவருக்குக் கேக்கல. கத்துனா பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்குமேன்னு எனக்கு வெக்கம். குடிச்சிட்டு, துண்டத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

இராயப்பன் திரும்பினார்.

"என்ன ரெண்டு பேரும் மொணமொணன்னு?"

"ஒண்ணுமில்லப்பா!"

"ஒண்ணுமில்லாமத்தான் அந்த மதரு அவ்வளவு நேரம் பேசினாங்களா? சிப்பிக்கும் கொடைக்கும் நீட்டி நீட்டிச் சொன்னே. அந்த மூணாவது பாட்டுக்கு மட்டும் 'அம்மா நெனப்பு'ன்னு ரெண்டு வார்த்த. நான் செவிடன்தான், மடையனில்ல. அதுல என்ன பாடியிருக்கா?"

சூசைரட்ணம் அம்மாவைப் பார்த்தான். அவன் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பெற்றீசியா ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தான் அனுப்புனேன்!" என்று கத்தினாள்.

கோவா மூட்டை தூக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடலை விற்ற சிங்களக் கிழவி திரும்பிப் பார்த்தாள். கந்தப்பளைக்குப் போகக் காத்திருந்த நான்கைந்து தெரிந்த முகங்களும் திரும்பின. பெற்றீசியா நிறுத்தவில்லை.

"ஐவி ஓடல! நான்தான் நானுஓயாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ரயில்ல ஏத்தினேன்! தோட்டக் கழட்டிக் குடுத்தேன்! மலையில விழுந்துச்சுன்னு பொய் சொன்னேன்! அதத்தான் அவ பாடியிருக்கா! கேக்குதா?"

இராயப்பன் அசையாமல் நின்றார்.

"ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னேன்! பேர் பதிய வேணாம்னு சொன்னேன்! ரெண்டு தடவ சொன்னேன்! ஒங்களுக்குக் கேக்கல!"

அவள் நிறுத்தியபோது பஸ் நிலையத்தில் லொறி எஞ்சின் மாத்திரம் உறுமிக்கொண்டிருந்தது. சூசைரட்ணம் அப்பாவுடைய கையைப் பார்த்தான். அடிப்பாரோ என்று பயந்தான். அவர் இதுவரை அம்மாவை அடித்ததில்லை. ஆனாலும் இன்றைக்கு எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது போலிருந்தது.

இராயப்பன் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. இருவருக்கும் புரியவில்லை.

"என்னாங்க?"

அவர் மறுபடி சொன்னார். முப்பது வருடமாக எந்திரத்தோடு போட்டிபோட்டுப் பேசிய மனுஷன், இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி அவர்கள் கேட்டதேயில்லை. அம்மாவும் மகனும் அவர் பக்கம் குனிய வேண்டியிருந்தது.

"கேட்டுச்சு."

பெற்றீசியா விழித்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவையும்." அவர் லொறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேக்காத மாதிரி இருந்துட்டேன். வீட்ட விட்டு எழுப்பிருவாங்களோன்னு பயம். கேட்டுச்சுன்னா ஒனக்கு ஒரு பதில் சொல்லணுமே. எங்கிட்ட பதில் இல்ல."

 யாரை மன்னிப்பது, யார்மேல் கோபப்படுவது, அதற்கெல்லாம் தான் யார் என்று சூசைரட்ணத்துக்குத் தெரியவில்லை. தன் படிப்புக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறதே.

பஸ் வந்து நின்றது. "கந்தப்பளை, ராகலை! நகின்ட, நகின்ட!" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக் கதவைத் தட்டினான் கொண்டக்டர். கூட்டம் முண்டியது. இராயப்பன் முதலில் ஏறினார். ஏறியவர் உள்ளே போகவில்லை. மிதிபலகையில் நின்று, கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பெற்றீசியாவை நோக்கி நீட்டினார். கலியாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் செய்ததில்லை.

பின்னால் நின்றவர்கள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள். கொண்டக்டர் மறுபடி தட்டினான்.

பெற்றீசியா துவாயில் சுற்றிய தட்டை மார்போடு அணைத்தபடி, நீட்டிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு கீழேயே நின்றாள்.